நேற்று ராத்திரி என்ன குழம்பு?

"குரூப்புல கொழம்புப் பேச்சு வாணாம்னு எத்தினி வாட்டி சொல்றது சாம்சன்? நான் அழிக்க அழிக்க நீ போட்டுக்கினே இருக்க. உனக்கே இது நல்லா இருக்குதா?"

செருப்பைக் கழற்றும்போதே துளசிராமன் ஆரம்பித்துவிட்டார். கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி மீஞ்சூர் வரைக்கும் வந்தது இதைக் கேட்கத்தான்.

"வாங்கண்ணா. மொதல்ல உக்காருங்க" என்று சாம்சன் ஃபேனைப் போட்டான். அடுப்படியில் அவன் மனைவி நந்தினி எதையோ தாளித்துக்கொண்டிருந்தாள்.

துளசிராமன் இரும்பு உருக்காலையில் கிரேன் ஓட்டுபவர். குடியை விட்ட கையோடு, விட நினைப்பவர்களுக்காக 'இன்னிக்கு ஒரு நாள்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தவர். இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இரு, நாளைக் கதையை நாளைக்குப் பார்க்கலாம் என்று அர்த்தம். லாரி டிரைவர்கள், காட்டுப்பள்ளித் துறைமுக வெல்டர்கள், உலையடியில் வேகிற ஆட்கள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. கை நடுங்குது என்று ஒருவன் எழுதினால் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். அதற்கு நடுவில் குட்மார்னிங் பூ, சாமி படம், பிளாட் விற்பனை என்று எது வந்தாலும் துளசிராமன் அழித்துவிடுவார். அதில் அவர் கறார். கறாராக இல்லாமல் எந்த குரூப் உருப்பட்டிருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

சாம்சன்தான் அடங்கவில்லை. தினமும் காலையில் அவனிடமிருந்து ஒரே கேள்வி வரும். 'நேத்து ராத்திரி உங்க ஊட்ல இன்னா கொழம்பு?' வத்தக்குழம்பு, மீன் குழம்பு, மொச்சைக்கொட்டை என்று ஆளாளுக்கு எழுத, குரூப் மெஸ் மாதிரி ஆகிவிடும். கொஞ்ச நாளாகத் துளசிராமனுக்கு அது பொறுக்கவே இல்லை.

"உன்ன நீக்கப்போறேன்னு போன்லயே சொன்னேன். நீதான் ஊட்டுக்கு வந்து மூஞ்சியப் பாத்து நீக்குங்கன்ன. வந்துட்டேன்" என்றவர், வாயிலிருந்த கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

"நீக்குங்கண்ணா. ஒன்னே ஒன்னு சொல்லிடறேன், அப்பால நீக்குங்க." சாம்சன் குரலைத் தாழ்த்தினான். "நான் குடிச்சிக்கினு இருந்தப்போ நந்தினி சண்டை போட மாட்டா. திட்ட மாட்டா. காலைல எழுந்ததும், 'நேத்து ராத்திரி இன்னா கொழம்பு வெச்சேன், சொல்லு'ன்னு கேப்பா. அவ்ளோதான். ஒருநாள் கூட எனக்கு சொல்ல வந்ததில்ல. துன்னிருப்பேன். இன்னா துன்னேன்னு தெரியாது."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்று, மறுபடி ஆரம்பித்தது.

"குடிச்சவன குடிச்சியான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவான். நாமளே சொல்லியிருக்கோம். கொழம்பக் கேட்டா அவனால சமாளிக்க முடியாதுண்ணா. பம்முவான். இல்லாட்டி மேல இருக்கறவன் எழுதினதப் பாத்து எழுதுவான். நம்ம விமல் அப்படித்தான் மாட்டினான்."

"டேங்கர் ஓட்றானே, அவனா? அவனுக்கு இன்னா?"

"ரெண்டு மாசம் முன்னாடி ஒருநாள் சாம்பார்னு எழுதினான். மேல ரெண்டு பேரு அதான் எழுதியிருந்தானுங்க. எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அவன் ஊட்டுக்குப் போன் போட்டா, நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு வெச்சேன்றா அவன் பொண்டாட்டி. தெருவே மணந்திருக்கும், துன்னவனுக்குத் தெரியலன்னா? வண்டிய எடுத்துக்கினு ஓடினேன். எளாவூர் செக்போஸ்ட்டாண்ட டேங்கர ஸ்டார்ட் பண்ணிக்கினு இருக்கான். ஃபுல் லோடு கேஸு. சாவியப் புடுங்கிக்கினு, அவன் தூங்கி எழற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

துளசிராமனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த டேங்கர், அந்த நெடுஞ்சாலை, முன்னும் பின்னும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போகிற பஸ்கள். இத்தனையையும் ஒரு கருவாட்டுக் குழம்பா காப்பாற்றியது? இதையா அவர் தினமும் அழித்துத் தள்ளினார்?

"இந்த மாதிரி எத்தினி பேரு சாம்சன்?"

"அது எதுக்குண்ணா. தனியா கூப்ட்டுப் பேசுவேன். அழுவானுங்க. மறுபடியும் விட்டுடுவானுங்க."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா."

"வெளிய தெரிஞ்சா எல்லாரும் பொண்டாட்டியக் கேட்டுக்கினு வந்து எழுதுவானுங்க. அப்புறம் கேட்டு இன்னா பிரயோஜனம்?"

துளசிராமன் எழுந்து அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. இந்தப் பையன் ஒற்றைக் கேள்வியை வைத்துக்கொண்டு அத்தனை வீட்டு விளக்கையும் அணையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"நான் ரூல்ஸ் போட்டுக்கினு இருந்தேன், நீ உயிரக் காப்பாத்திக்கினு இருந்திருக்க. இனிமே குரூப்பு உன்னுது. நீதான் அட்மின்."

"அட்மின்லாம் வாணாம்ணா." சாம்சன் அவர் கையை விடவில்லை. "மொதல்லலாம் நான் கேட்டா முந்திக்கினு பதில் போடறது நீங்கதான். அண்ணி வெக்கிற முருங்கைக்கா கொழம்ப அவ்ளோ ரசிச்சு எழுதுவீங்க. போன அமாவாசையோட அது நின்னுபோச்சு. மறுநாள்லேர்ந்துதான் என் கேள்விய அழிக்கவே ஆரம்பிச்சீங்க."

துளசிராமன் கையை உருவப் பார்த்தார். முடியவில்லை.

"கீழ இரும்பு கொதிக்குது, ஆளுங்க நிக்கறாங்க, மேல கிரேன்ல நீங்க உக்காந்திருக்கீங்க. அதுக்குத்தாண்ணா உங்கள வர வெச்சேன். சொல்லுங்க, நேத்து ராத்திரி அண்ணி இன்னா கொழம்பு வெச்சாங்க?"

துளசிராமன் வாயைத் திறந்தார். கிராம்பு வாசனைதான் வந்தது. மனைவி ஜோதிலட்சுமி தட்டு வைத்தாளா என்பதே அவருக்கு ஞாபகம் வரவில்லை.