ஊதாப் பாவாடை

"என் பாவாடை எங்க, சென்யோரா தொமாசா?"

சித்லாலி போட்ட சத்தத்தில் முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின.

சுவரில் ஓர் ஆணி. ஆணியில் அவளுடைய ஊதா கவுனின் மேல்பாதி மட்டும் தொங்கியது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் மூடுபனி.

பதினைந்தாவது பிறந்தநாள் விழாவுக்கு அம்மா தைத்த கவுன். பாவாடை ஓரமெல்லாம் வெள்ளி மணியில் பிறை பிறையாகக் கோத்திருந்தாள். ஐந்து வருஷம் அலமாரியில் தூங்கியதை, ஆறு வாரத்துக்கு முன்னால்தான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு நன்கொடை மூட்டையில் போட்டாள் சித்லாலி. அன்றிலிருந்து ஒரே கனவு. மெக்சிகோவின் திஹுவானா மலைச்சரிவில் பெயர் தெரியாத ஒரு சின்னப் பெண் அதைப் போட்டுக்கொண்டு சுற்றுகிறாள், சுற்றுகிறாள். பாவாடை விரிந்து விரிந்து பனியோடு கலந்துவிடுகிறது.

சனிக்கிழமைதோறும் அமெரிக்காவின் சான் டியாகோவிலிருந்து நன்கொடை வேனில் எல்லை தாண்டி வரும்போதெல்லாம் அந்தப் பெண்ணைத்தான் தேடினாள். இன்று கிடைத்தது இந்த ஆணி.

தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினாள் வீட்டுக்காரி தொமாசா. "உன்னோடதா அது? வெட்டும்போதே நெனச்சேன், எந்த ராணி வீட்டுதோன்னு."

"வெட்டினீங்களா!"

"வெட்டாம? வெளிய எட்டிப் பாரு கண்ணு. முழங்கால் வரைக்கும் சேறு. அதைப் போட்டுக்கிட்டு யாரு தண்ணி தூக்குறது?"

"யாராவது ஒரு பொண்ணு ஆசையா ஆடியிருப்பா!"

"இந்த வருஷம் மட்டும் பதினெட்டு கவுன் வந்திருக்கு. எங்க சரிவுல அந்த வயசுப் பொண்ணுங்க மூணே பேர். அவங்க எடுத்தது போக மிச்சத்தை என்ன செய்ய, கோழிக்கா மாட்டிவிட?"

வேனில் சாய்ந்து நின்ற டிரைவர் எவரார்தோ சிரித்துவிட்டார். சித்லாலி திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு இருமலாகிப் போனது.

பல்கலைக்கழக விவாத மேடையில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. இங்கே மட்டும் விடுவாளா?

"சரி, வெட்டினீங்க. வெட்டின துணி எங்க? ஒரு துண்டுகூட இங்க இல்லையே?"

"அதுவா? போர்வையா தைச்சு..."

"வித்துட்டீங்க!"

"நிதானமாக் கேட்டா சொல்றேன்."

"கேக்க என்ன இருக்கு? அங்க வீடு வீடா ஏறி, கை நீட்டி வாங்கிட்டு வர்றோம். எல்லைச் சுங்கத்துல சோதனை விளக்கு சிவப்பா எரிஞ்சிடக் கூடாதேன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். நீங்க அதை வெட்டி வியாபாரம் பண்ணுவீங்க!"

தொமாசாவின் முகம் மாறியது.

"யாரு வந்திருக்கா?" உள்ளே கட்டிலிலிருந்து அவள் புருஷன் நபோர் குரல் கொடுத்தான். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவன். ஒரு வருஷமாக அவன் பார்க்கிற உலகம் அந்தத் தகரக் கூரை மட்டும்தான்.

அடுத்த சனிக்கிழமை ஒரு சக்கர நாற்காலி வருகிறது. ஒன்றே ஒன்று. யாருக்கு என்பது சித்லாலியின் நோட்டில் இருந்தது.

நோட்டைப் பிரித்தாள். 'பெறுபவர்கள்' பக்கத்தில் தொமாசாவின் பெயரை ஒரே கோட்டில் அடித்தாள்.

தொமாசா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

திரும்பும்போது எல்லை வரிசையில் மூன்று மணி நேரம். எவரார்தோ ஒரே ஒரு தடவைதான் பேசினார். "அந்தம்மாவை முழுசாப் பேச விட்டிருக்கலாம், தாயே."

"நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அது சரி," என்று ரேடியோவைத் திருகினார்.

சான் டியாகோ பக்கம் வந்து டிராம் நிறுத்தத்தில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. இங்கேயும் அதே பனி. பனிக்கு வேலி தெரியவில்லை. விளக்குகள் பஞ்சுக்குள் பொதிந்து வைத்த மாதிரி எரிந்தன. நடைபாதையில் அட்டை விரித்து வரிசையாகப் படுத்திருந்தார்கள், வீடில்லாதவர்கள். சித்லாலி வாராவாரம் தாண்டிப் போகிறவர்கள்தான். நின்று பார்த்ததில்லை.

பனிக்குள் ஏதோ ஊதாவாக மினுங்கியது.

தூக்கத்தில் நடக்கிறவள் போலப் போனாள். நரைத்த தாடிக்காரர் ஒருவர். அவர்மேல் ஒரு கனத்த ஒட்டுப் போர்வை. நடுவில் வட்டமாக விரிந்த ஊதா. சுற்றிலும் வெள்ளிப் பிறைகள். அவர் புரண்டு படுக்க, பாவாடை மெல்லச் சுற்றியது.

"என்னம்மா அப்படிப் பாக்குற? இருக்கிறது ஒண்ணு. தர மாட்டேன்."

"இது... எங்க வாங்குனீங்க?"

"வாங்குறதா! நல்லாக் கேட்ட. ஞாயித்துக்கிழமை திஹுவானாவுலருந்து ஒரு பொம்பளை வரும். இங்க ஏதோ ஓட்டல்ல படுக்கை விரிக்கிற வேலை. வரும்போதே முதுகுல ஒரு மூட்டை. இந்த வரிசை பூரா அது கொண்டுவந்ததுதான்."

சித்லாலி நிமிர்ந்து பார்த்தாள். மஞ்சள், ரோஜா, கிளிப்பச்சை. ஆடி முடித்த கவுன்களெல்லாம் வரிசையாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன.

"காசு?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அட, காசெல்லாம் வேணாம். எங்க மலையில தொமாசான்னு ஒருத்தி தைச்சுக் குடுத்து விடுறா. பாவம், உங்க பக்கம் ஏழைங்களுக்கு யாருமே இல்லையாமேன்னு வருத்தப்படுறா'ன்னுச்சு." அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சிரித்தார். "நம்மளைத்தான் சொல்றாங்க!"

டிராம் வந்தது. போனது.

சித்லாலி நோட்டைப் பிரித்தாள். அடித்த பெயரை அதே இடத்தில் திரும்ப எழுதினாள். பிறகு தாளைத் திருப்பி, 'கொடுப்பவர்கள்' பக்கத்தில், தன் பெயருக்கு மேலே, தொமாசா என்று இன்னொரு தடவை எழுதினாள்.