கிராணி லேகியம்

சாக்கை, அதன் வாயில் தொங்கிய சிவப்பு அரக்கு முத்திரையோடு, கக்கூஸ் குழிக்குள் தள்ளினாள் சந்திரகாந்தி. மேலே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். மதுவரி இலாகா ஜீப் பதுளைக் கடைத்தெருவின் ஏற்றத்தில் முனகிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஜாடி இருக்கேம்மா!" என்று வாங்கிலில் உட்கார்ந்தபடியே பதறினாள் மாரியாயி. தெமோதரைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். ஆறு மாதமாக, நிற்காத வயிற்றுப்போக்கான கிராணிக்கு இங்கே லேகியம் வாங்குகிறாள். பஸ் நிற்கும் இடத்தில் ஜீப்காரர்கள் வைத்தியர் வீட்டை விசாரித்ததைக் கேட்டு, குறுக்குப் பாதையில் ஓடிவந்து சொன்னவளும் அவள்தான்.

வைத்தியர் தர்மலிங்கம் நோயாளி பார்க்கப் பூனாகலைக்குப் போயிருந்தார். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மருந்து செய்யும் விதத்தை மனைவி சந்திரகாந்திக்குச் சொல்லித் தந்தவர், சாக்கிலிருந்த கஞ்சா எங்கிருந்து வருகிறது என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுடைய ஊரான லுணுகலையில், லயத்து வீட்டுக்குப் பின்னால் நாலு கஞ்சாச் செடி வளர்த்தவனை இதே ஜீப்தான் ஏற்றிப்போனது. அவன் இன்னும் மறியல் கம்பிகளுக்குள் இருக்கிறான். பிடிபட்டால் தர்மலிங்கத்துக்கும் அதே கதிதான்.

பழைய ஏடுகளில் கஞ்சாவுக்குச் சிவமூலி என்று பெயர். இலையைத் துணியில் முடிந்து, பிழியும் தண்ணீரில் பச்சை நிறம் அறவே நீங்கும்வரை அலச வேண்டும். உலர்த்தி, இளந்தீயில் நெய்விட்டு வறுத்தால் அதன் சத்து நெய்யில் இறங்கிவிடும். பிறகுதான் சுக்கு, திப்பிலி, சாதிக்காய், கருப்பட்டிப் பாகு. "சுத்தி பண்ணாதது ஆளைச் சாய்க்கும், பண்ணினது வயித்தைக் கட்டும்" என்பார் தர்மலிங்கம்.

அப்படிப் பக்குவமாகக் கிண்டிய லேகியம் முழுவதும் சாக்கைத் தொடர்ந்து குழிக்குள் போனது. சந்திரகாந்தி ஜாடியைச் சாம்பல் போட்டுக் கழுவி, அதில் இஞ்சி லேகியத்தை நிரப்பினாள். இரண்டும் ஒரே கறுப்பு.

இன்ஸ்பெக்டர் பத்மநாதன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"வைத்தியர் இல்லையோ?"

"வெளிய போயிருக்காருங்க. நான் அவரு சம்சாரம்."

"கிராணிக்குக் குடுக்கிற லேகியத்தை ஒருக்காக் காட்டுங்கோ. கொஞ்சம் சுடுதண்ணியும் தாங்கோ."

அவருக்குத் தொழில் தெரியும். கஞ்சாவின் சத்து தண்ணீரில் கரையாது, நெய்யில்தான் கரையும். லேகியத்தைச் சுடுநீரில் கரைத்தால் நெய் மேலே மிதக்கும். அந்த நெய்யை விரலில் தொட்டு முகர்ந்தால், எவ்வளவு சாதிக்காய் போட்டு மறைத்திருந்தாலும் வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"இஞ்சி," என்றார்.

"ஆமாங்க. இஞ்சிதாங்க."

"வேறை லேகியம்?"

"இது ஒண்ணுதாங்க."

சரக்கு அறைக்குள் போனவர் நெடுநேரம் உருட்டினார். இரண்டு முறை தும்மினார். மூக்கில் சுக்குத் தூளோடு திரும்பி வந்தார்.

"இலைச் சாமான் ஏதும் இருக்கோ?"

"ஆடாதோடை இருக்கு, துளசி இருக்கு. உங்களுக்கு சளிங்களா?"

அவர் மாரியாயி பக்கம் திரும்பினார். "நீங்கள் இதைச் சாப்பிடுறனீங்களோ?"

"ஆறு மாசமா திங்கிறேன் தொரை. வெறும் இஞ்சி. தூக்கமும் வராது, ஒரு மண்ணும் வராது. காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு மொத ஆளா நிக்கிறவ நான்தான். வேணும்னா கங்காணிய கேட்டுப் பாருங்க."

"ஒரு நாளாவது தலை கிறுகிறுத்ததோ?"

"கங்காணி கத்துறப்ப கிறுகிறுக்கும். அதுக்கு லேகியம் என்னாங்க பண்ணும்?"

சந்திரகாந்திக்குத் தைரியம் வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரரு கஞ்சாவைக் கண்ணால பாத்தவரு இல்லைங்க. கதிர்காமத்து முருகன் மேல சத்தியம்!"

"வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

"ஆமாங்க," என்றார்கள் இருவரும் ஒன்றாக. மாரியாயி தன் பங்குக்குத் தலையில் அடித்தும் சத்தியம் செய்தாள்.

பத்மநாதன் வருத்தத்தோடு தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"அப்ப, மருந்துக்கெண்டு அரசாங்கம் மாசாமாசம் குடுத்த கஞ்சாவை உங்கடை மனுசன் ஆருக்கு வித்தவர்?"