கலையலாம்

"விடுங்கக்கா" என்றது குரல். மூன்றாவது முறை.

அவள் விட்டுத்தான் இருந்தாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கிளினிக் மேசையில் மல்லாந்து, முழங்கால்களை மடக்கிக் கிடந்தாள். இடுப்பிலிருந்து கால்வரை வெள்ளைத் துணி. காக்கிப் பேண்ட் நாற்காலியில் மடித்துக் கிடந்தது, அதன் மேல் பெல்ட். துணிக்கு அடியில், கையுறை போட்ட ஒரு விரல் அவளுக்குள் அசையாமல் காத்திருந்தது.

வலிக்கவில்லை. வலிக்கும் என்று பயந்து இரண்டு நாள் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

பிசியோதெரபிஸ்ட் பெனிட்டாவுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். தொடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இடுப்பெலும்புக்கு அடியில் தூளி கட்டியதுபோல் ஒரு தசை இருக்கிறது, மூத்திரப்பையையும் கருப்பையையும் அதுதான் தாங்குகிறது என்று படம் காட்டினாள். விரல் வைத்துப் பார்த்தால்தான் இறுக்கம் தெரியும், சம்மதமா என்று கேட்டாள். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் ஒரு வார்த்தை போதும், நிறுத்திவிடுவேன் என்றாள்.



இருபத்திரண்டு வருட போலீஸ் வேலையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. வீட்டிலும்தான்.

போன மாதம் பைபாஸில் பந்தோபஸ்து. பதினொரு மணிக்கு வர வேண்டிய வி.ஐ.பி. இரண்டரைக்கும் வரவில்லை. ஆண் காவலர்கள், ஓரமாக நின்றிருந்த ஒரு லாரிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டு வந்தார்கள். அவள் காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. அப்படியும், சைரன் கேட்டு விறைப்பாக நிமிர்ந்த நொடியில் தொடை நனைந்தது.

காக்கியில் ஈரம் கறுப்பாகத் தெரியும்.

குடிக்காமல் வைத்திருந்த பாட்டிலைத் திறந்து தன்மேலேயே கவிழ்த்துக்கொண்டாள். கை தவறிவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற புதுப் பெண்ணும் சிரித்தாள். நம்பித்தான் சிரித்தாளா என்று இன்றுவரை தெரியாது.

வருகிற ஞாயிறு மறுபடியும் அதே பைபாஸ். இன்னொரு முறை அப்படி ஆனால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவது என்று இருந்தாள். ஞாயிறுக்குள் சரியாகாது, எட்டுப் பத்து வாரம் ஆகும் என்று பெனிட்டா மறைக்காமல் சொல்லியிருந்தாள்.

அவள் சும்மாவும் இருந்துவிடவில்லை. கசிவு தொடங்கியதிலிருந்தே செல்போனில் வீடியோ பார்த்து மூன்று மாதமாக இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி செய்தாள். ஜீப்பில், கோர்ட் வாசலில், சாமி கும்பிடும்போதுகூட. ஒருநாள் தவறவில்லை. டிரில் என்றால் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அதை இன்னையோட நிறுத்துங்கக்கா. இறுக்கி இறுக்கித்தான் ஓஞ்சுபோய்க் கிடக்கு. உங்களுக்கு விடத்தான் தெரியல."

ஓய்ந்துபோனது அது மட்டுமா.

நான்காவது முறை பெனிட்டா விடச் சொல்லவில்லை. வேறொன்று கேட்டாள். டியூட்டியில் நிற்கும்போது எப்போதுதான் உடம்பைத் தளர விடுவீர்கள்?

மைக்கில் சொன்ன பிறகு, என்றாள் அவள். வயர்லெஸ்ஸுக்கு ஸ்டேஷனில் அதுதான் பேர்.

மைக்கில் என்ன சொல்வார்கள்?

வி.ஐ.பி. வண்டிகள் தாண்டியதும், பாயிண்ட் பாயிண்டாக வழியில் நிற்பவர்களுக்கு வரும் உத்தரவைக் கூரையைப் பார்த்தபடி ஒப்பித்தாள்.



பிறகு பெனிட்டா, சிரிக்காமல், குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக்கொண்டு சொன்னாள்.

"கான்வாய் தாண்டியாச்சு. பாயிண்ட்ல நிக்கறவங்க கலையலாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

அடிவயிற்றுக்குக் கீழே ஏதோ இறங்கியது. அவள் இறக்கவில்லை. அதுவாக இறங்கியது. தாடை தளர்ந்தது. பிறகு தோள். இத்தனை வருடமும் தோளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் போனது. துடைக்கக் கை எழவில்லை. அவ்வளவு அசதி.

இதுதான், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி பெனிட்டா விரலை எடுத்தாள். கையுறையைக் கழற்றிப் போட்டாள். காலையும் மாலையும் பத்து நிமிடம் இதேபோல் படுத்து, மூச்சை வயிறுவரை இறக்கி, விட்டுப் பழக வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். பாத்ரூமில் முக்கக் கூடாது.

வீட்டில் யார் கலையச் சொல்வது என்று அவள் கேட்டாள்.

"நீங்கதான்க்கா."

கலையச் சொல்வது இன்ஸ்பெக்டரும் அவருக்கு மேலே இருப்பவர்களும். அவளைப் போன்ற ஏட்டம்மாவின் வேலை, உத்தரவைக் கேட்டுக்கொண்டு மைக்கில் 'ரோஜர்' சொல்வது.

காக்கியை மாட்டிக்கொண்டாள்.

பாத்ரூம் தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. தாழ்ப்பாள் ஒழுங்காக விழுந்தது. யாரும் கதவைத் தட்டவில்லை. உட்கார்ந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

வழக்கம்போல் முக்கப் போனாள். நிறுத்திக்கொண்டாள்.

கதவை ஒருமுறை பார்த்தாள். மைக் பிடிப்பதுபோல் கை தானாக வாயருகே வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் கையைக் கீழே போடவில்லை.

"கலையலாம்" என்றாள்.

குரல் சரியாக எழவில்லை. உத்தரவு மாதிரியே இல்லை.

காத்திருந்தாள்.

மேலேயிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை.