அழுகுணி ஆட்டம்

அப்பா ஒவ்வொரு சீட்டாக எடுக்க, அம்மா, அக்கா, தம்பி மூவரின் கண்ணும் அவர் விரலிலேயே இருந்தது.

"இன்னும் ஒண்ணும் பண்ணலைடா," என்று அக்கா கிசுகிசுத்தாள்.

"நம்மளை ஏமாத்தியே ஜெயிச்ச மனுஷன், சும்மா இருப்பாரா? கண் கொட்டாம பாரு," என்றான் தம்பி.

அம்மா வேண்டுமென்றே ஒரு ஜோக்கரை அவர் முழங்காலருகே நழுவவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜோக்கர் மெல்ல அப்பாவின் தொடைக்கடியில் போனது.

"அம்மா! ஒளிச்சுட்டார்!" என்று கத்தினான் தம்பி.

அம்மா சீட்டைப் போட்டுவிட்டு விம்மி அழுதாள்.

தலையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து, பெற்ற பிள்ளைகளையே "நீங்க யாரு?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், மனைவியை முறைத்தார்.

"நானா ஒளிச்சேன்? உன் பிள்ளைதான்டி அழுகுணி! சின்ன வயசுலயும் தோத்தா என் மேலதான் பழி போடுவான்!"