ஒரே ஒரு ரெசிஸ்டர்

"இதை ரிவ்யூவுக்குக் கொண்டுவந்திருந்தா அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றாள் எமி. சாப்பாட்டு மேசைமேல் கிடந்த சின்ன சர்க்யூட் போர்டில் பச்சை எல்.இ.டி. விட்டுவிட்டு மினுங்கிக்கொண்டிருந்தது.

"முதல்முதல்ல என்னைப் பார்த்தப்பவும் இதேதான் சொன்னே" என்றான் பிளஸ்ஸன். "ஹவ், ஒத்துக்கறேன், அந்த டிசைன்ல தப்பு இருந்துச்சு. இதுல இல்ல."

அவனுக்குப் பாலாநகரில் வேலை. அவளுக்குக் கொண்டாப்பூரில், அடுத்தவர் சர்க்யூட்டில் குறை கண்டுபிடிக்கும் வேலை. முன்பு இருவரும் ஒரே கம்பெனியில் இருந்தபோது அவன் டிசைனை அவள் நிராகரிக்க, அந்தச் சண்டை கல்யாணத்தில் முடிந்தது.

இன்று அவள் நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போட முடியாமல், சால்வையைப் போர்த்திக்கொண்டு சற்றுத் தள்ளியே உட்கார்ந்திருந்தாள். போர்டிலிருந்து ஒரு கறுப்பு வயர் மேசை விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது.

"மத்தியானம் டாக்டர் மேடம் ஸ்கேன் பண்ணிட்டு ஒண்ணும் தெரியலன்னுட்டாங்க. அப்போ இந்த லைட் எப்படி எரியுது? நீயே சொல்லு" என்றான் பிளஸ்ஸன்.

"கம்பேரேட்டருக்கு என்ன தெரியும்? வோல்டேஜ் கோட்டுக்கு மேல போனா எரியும், கீழ வந்தா அணையும். கோட்டுக்குப் பக்கத்துல வெறும் இரைச்சல் ஆடினாலும் இப்படித்தான் மினுங்கும்."

"நேத்து வரைக்கும் ஒழுங்கா மினுங்குச்சே?"

"நேத்து சிக்னல் பெருசா இருந்துச்சு. ஹிஸ்டெரிசிஸ் இல்லாததே தெரியல." ஆபீசில் பேசுவதுபோலவே அவள் குரல் சீராக இருந்தது. "ஹிஸ்டெரிசிஸ்னா, ஏறும்போது ஒரு கோடு, இறங்கும்போது அதுக்குக் கீழே இன்னொரு கோடு. நடுவுல போதுமான இடைவெளி விட்டா, சின்ன இரைச்சலை அது கண்டுக்காது. நிஜ சிக்னல்னா ரெண்டையும் தாண்டும். அவுட்புட்லேர்ந்து இன்புட்டுக்கு ஒரே ஒரு ரெசிஸ்டர். போடு, பிளஸ்ஸன்."

அவள் போன் அடித்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது. இருவரும் அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிளஸ்ஸன் போர்டை இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டான். "நக்கோ, வேணாம் எமி. நாளைக்குக் காலையிலதானே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க? மேடத்தை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லலாம். ஏழு மாசத்தை ஒரு ரெசிஸ்டரால முடிச்சிடாதே."

"முடிக்கிறது ரெசிஸ்டர் இல்ல."

மெதுவாக எழுந்து, அவன் டிராயரில் தேடி ஒன்றை எடுத்தாள். பவரை அணைத்துவிட்டு, சால்டரிங் அயர்னை பிளக்கில் செருகினாள். இத்தனை மாதங்களாக அவளை அதன் பக்கமே அவன் விட்டதில்லை.

"புகை ஆகாது உனக்கு…" என்று அவள் கையைப் பிடித்தவன் பாதியில் நிறுத்தினான். அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிடி தானாகத் தளர்ந்தது.

ஈயம் உருகிப் புகைந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இல்லை. ரெசிஸ்டரின் இரண்டு கால்களும் உட்கார்ந்ததும் பவரைப் போட்டாள்.

பச்சை விளக்கு எரியவில்லை. பிளஸ்ஸன் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். பால்கனிக்கு வெளியே ஃப்ளைஓவரில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"தப்பா சால்டர் பண்ணிட்டே" என்றான். "எங்கேயோ கனெக்‌ஷன் போயிருக்கு."

எமி சால்வைக்குள் கையை விட்டு, வயிற்றின்மேல் இருந்த சென்சாரை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். விளக்கு பளிச்சென்று எரிந்து அணைந்தது. இன்னொரு தட்டு, இன்னொரு பளிச். சென்சாரும் வேலை செய்தது, சர்க்யூட்டும் சரியாகத்தான் இருந்தது.

கையை எடுத்தாள். விளக்கு இருண்டே கிடந்தது.

வெகுநேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சால்வைக்குள்ளேயே சென்சார் பட்டையின் கொக்கியைக் கழற்றி, வயரோடு சேர்த்துச் சுருட்டி அவன் முன்னால் வைத்தாள். அவ்வளவு நேரம் நிதானமாக இருந்த குரல் அப்போதுதான் உடைந்தது.

"இவ்வளவு நேரம் துடிச்சது நம்ம பாப்பா இல்ல, பிளஸ்ஸன்."