ரெண்டு வயிற்றுக்காரர்

“பென்ஷனும் வாங்கறான், சம்பளமும் வாங்கறான். அந்த ஆளுக்கு என்ன ரெண்டு வயிறா?”

மாமனார் கொதித்த கொதிப்பில் மூக்குக்கண்ணாடி நழுவி நுனி மூக்குக்கு வந்துவிட்டது.

மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்தது. அரசு அலுவலகத்தில் எட்டு வருஷமாகத் தற்காலிகக் குமாஸ்தா அவர். மேலாளருக்கு அடுத்த நாற்காலி தனக்குத்தான் என்று காத்திருந்தால், ஓய்வு பெற்று வீட்டுக்குப் போன ஒருவரைத் திரும்பக் கூட்டிவந்து, ஆலோசகர் என்று பேர் சூட்டி அதில் உட்கார வைத்துவிட்டார்கள்.

“வேலையாவது பார்க்கறானா?”

“எங்க மாமா! வந்து உக்காந்த கொஞ்ச நேரத்துல தலை தொங்கிடும். கையெழுத்து வேணும்னா நான்தான் தட்டி எழுப்பணும்.”

“விடாதீங்க மாப்ளே! நான் சொல்லச் சொல்ல எழுதுங்க.”

மாமனாரும் ஓய்வு பெற்ற அதிகாரிதான். மனு என்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. மேலிடத்துக்கு மனு மேல் மனு பறந்தது. அந்த ஆளுக்கு என்ன சம்பளம், தனி அறையா, கார் அனுப்புகிறார்களா என்று மாப்பிள்ளையிடம் தோண்டித் துருவிக் கேட்டார்.

நியாயத்துக்காக இப்படி மெனக்கெடும் மாமனார் யாருக்குக் கிடைப்பார் என்று மாப்பிள்ளை நெகிழ்ந்தே போனார்.

மனு வேலை செய்தது. ரெண்டு வயிற்றுக்காரர் மூட்டை கட்டினார்.

திங்கட்கிழமை புதுச் சட்டையோடு போய் மேலாளர் முன்னால் நின்றார் மாப்பிள்ளை.

“சார், அந்த இடம்...”

“ஆள் போட்டாச்சுப்பா. அது ஓய்வு பெற்றவங்களுக்குன்னே ஒதுக்கின இடம். உன்னைப் போட விதி இல்ல. காலியானது எனக்கே சரியாத் தெரியறதுக்குள்ள ஒருத்தர் விண்ணப்பத்தோட வந்து நின்னுட்டார். கெட்டிக்காரர்!”

மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. யார் அந்தப் புண்ணியவான் என்று பக்கத்து அறையை எட்டிப் பார்த்தார்.

மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார் மாமனார்.

“மாமா, நீங்களா! அப்போ உங்க பென்ஷன்?”

“அது பாட்டுக்கு வரும்.”

“அநியாயம்னு சொன்னீங்களே!”

“இப்பவும் அதைத்தான் சொல்றேன். வெளியில நின்னு எத்தனை நாள் கத்தறது மாப்ளே? உள்ள வந்து உக்காந்து பார்த்தாத்தானே, அது எவ்வளவு பெரிய அநியாயம்னு தெரியும்!”