இரண்டு ஆலமரங்களுக்கு நடுவே

ஜாவாத் தீவின் யோக்யகர்த்தா அரண்மனைத் திடலில் இரண்டு ஆலமரங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு நடுவே நேராக நடந்தால் நினைத்தது நடக்குமாம். என்னோடு சுற்றுலா வந்த அண்ணன் பாகஸ், கண்ணைக் கட்டி நடந்து சோள வண்டியில் போய் மோதினான். திடலே சிரித்தது.

"இப்ப நான். நேரா போயிட்டா நாளையிலேர்ந்து தனியாத்தான் ஊர் சுத்துவேன்."

"தவறிட்டா பேசாம என்கூட வீட்டுக்கு வரணும், லாரஸ்."

"சரி."

கண் கட்டும் துணியை வாடகைக்குத் தருபவர் என்னிடம் ஒன்றை நீட்டினார். "கட்டிக்கம்மா."

"வேண்டாம்."

"ஏமாத்து வேலை!" என்றது கூட்டம்.

நடந்தேன். இலைகளின் சலசலப்பு இரு காதுகளிலும் சமமாகக் கேட்டது. பிறகு முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"கண்ணைத் திறந்துக்கிட்டு யாரு வேணா நடக்கலாம்!" துணிக்காரர் கத்தினார்.

"எனக்குப் பிறக்கும்போதே கட்டி அனுப்பிட்டாங்கய்யா."

அண்ணன் தான் வைத்திருந்த என் வெள்ளைக் கோலைக் கையில் கொடுத்தான்.

"மொதல்ல எந்த ஊருக்குப் போற?"